வின்ஸ்லோ அகராதியும் உடுவில் விறாந்தையும்

தமிழ் படிக்கிற ஆட்களுக்கு வின்ஸ்லோ என்றால் ஒரு அகராதி. கம்பஸ் நூலகத்தில் உசாத்துணைப் பகுதியில் தடித்த அட்டையோடு கிடக்கும் அந்தப் புத்தகத்தை ஒரு தடவையாவது தூக்காமல் கலைப்பீடத்தை விட்டு வெளியே போக ஏலாது. 1862இல் சென்னையில் அச்சாகியது. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். அதற்குப் பிறகு வந்த தமிழ் அகராதிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் தோளில் ஏறித்தான் நின்றன. 

நான் இந்தக் கட்டுரையை எழுத வெளிக்கிட்டதும் அந்த அகராதிக்காகத்தான். மைரன் வின்ஸ்லோ என்ற அமெரிக்கர் எப்படித் தமிழ் படித்தார் என்று தேடப்போனேன். தேடிப்போன இடத்தில் அவரைவிட அதிகமாகக் கண்ணில் பட்டது அவருடைய மனைவி. ஹரியட் வின்ஸ்லோ. யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று வருசம் வாழ்ந்து, 36 வயதில் இங்கேயே இறந்துபோன பெண். உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஸ்தாபகர் தினத்தில் கேட்டிருப்பார்கள். மற்றவர்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

இரண்டு பேரும் எப்படி உடுவிலுக்கு வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1810இல் பொஸ்டனை மையமாக வைத்து அமெரிக்காவில் ஒரு வெளிநாட்டு மிசன் சபை உருவானது. அதனுடைய முதல் ஆட்களை 1812இல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை உள்ளே விடவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஹரியட் நியூவெல் என்ற பத்தொன்பது வயதுப் பெண் மொரீசியஸ் தீவில் குழந்தையையும் இழந்து தானும் இறந்தார். அவருடைய கணவர் சாமுவேல் நியூவெல் அலைந்து திரிந்து 1813இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தையும் பார்த்தார். இது நல்ல களம் என்று அவர் அமெரிக்காவுக்கு எழுதியதன் விளைவுதான் 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிய அமெரிக்க இலங்கை மிசன். இறந்துபோன அந்த இளம் பெண்ணின் நாட்குறிப்பும் கடிதங்களும் புத்தகமாக வந்து, நியூ இங்கிலாந்துப் பக்கத்து பக்தியுள்ள குடும்பங்களில் பெண் பிள்ளைகள் கையில் எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு முழுத் தலைமுறைப் பெண்கள் அதை வாசித்து அழுதார்கள், போகவும் ஆசைப்பட்டார்கள்.

ஹரியட் லேத்ரொப் அந்தத் தலைமுறை. 1796இல் கனெக்டிகட் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் ஆசைப்பட்டால் போதாது. கலியாணம் ஆகாத பெண்ணைத் தனியே அனுப்புவதற்கு அந்தக் காலத்தில் சபை தயாராக இல்லை. மறுபக்கம், போகப்போகிற ஆணும் மனைவியோடு போவதையே சபை விரும்பியது. அந்தோவர் இறையியற் கல்லூரியில் படித்து முடித்த மைரனுக்கு மனைவி தேவை, ஹரியட்டுக்குக் கணவர் தேவை. 1819 ஜனவரியில் கலியாணம். அந்த ஜூன் மாதம் பொஸ்டனில் 'இண்டஸ்' என்ற கப்பலில் ஏறினார்கள். ஸ்போல்டிங், வூட்வார்ட், ஸ்கடர் தம்பதிகளும் அதே கப்பலில். நான்கு சோடிகளும் கல்கத்தா வழியாக இங்கே வந்து சேர அந்த வருசம் முடிகிற காலம் ஆகிவிட்டது.

எங்கட பேச்சுத்திருமணங்களைப் பற்றி மிசனரிமார் என்னென்ன எழுதினார்கள் என்று பார்க்கிறபோது, இந்தத் திருமணங்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

சபையின் பட்டியல்களில் கணவர் 'மிசனரி'. மனைவி 'உதவி மிசனரி'. சம்பளக் கணக்கிலோ தீர்மானம் எடுக்கும் கூட்டத்திலோ உதவி மிசனரிக்குத் தனி இடம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு உடுவிலுக்கு வருவோம்.

1820இல் வின்ஸ்லோவுக்கும் ஸ்போல்டிங்குக்கும் உடுவில் ஒதுக்கப்பட்டது. போர்த்துக்கேயர் காலத்துக் கோயில் ஒன்று, அதை ஒட்டி ஒரு வீடு, இரண்டும் ஒல்லாந்தர் கைக்கு மாறிப் பிறகு கவனிப்பாரற்றுப் பாழடைந்து கிடந்தன. யாழ்ப்பாணத்து மிசன் நிலையங்கள் பலவற்றின் கதை இதுதான். போர்த்துக்கேயர் போட்ட அத்திவாரம், ஒல்லாந்தர் போட்ட கூரை, ஆங்கிலேயர் கொடுத்த அனுமதி, அமெரிக்கர் செய்த திருத்தவேலை. பனைமர வளையும் ஓலையும் போட்டு வீட்டைக் குடியிருக்கக்கூடியதாக்கினார்கள். 

அங்கே ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்? ஹரியட் பெற்றோருக்கும் தங்கைமாருக்கும் எழுதிய கடிதங்களும் அவருடைய நாட்குறிப்பும்தான் இதற்கு மூலம். விடியற்காலையில் எழும்பி வீட்டு ஜெபம். வெயில் ஏறமுன் மைரன் வெளிக்கிட்டு விடுவார். சுற்றியுள்ள கிராமங்களில் மிசன் நடத்திய இலவசப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர்கள் பெரும்பாலும் சைவ வாத்தியார்மார்தான். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்பதைப் பார்த்துச் சம்பளம் கொடுத்ததால், மேற்பார்வை இல்லாவிட்டால் வரவுப் பதிவு கண்டபடி ஏறும். பள்ளிக்கூடம், சந்தி, மடம் என்று போய்ப் பிரசங்கம் செய்வது, ஓலையில் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் கொடுப்பது. ஓலை என்று சொன்னது சும்மா அழகுக்காக அல்ல. 1820இல் மிசன் ஒரு அச்சுக்காரரை வரவழைத்தது. ஜேம்ஸ் காரட் என்பவர் அச்சுவேலைக்காக வந்து இறங்கினார். பிரித்தானிய அரசாங்கம் அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. இருக்கிற அமெரிக்கர் இருக்கலாம், இனி ஒருவரும் வரக்கூடாது என்பது எட்வர்ட் பார்ன்ஸின் நிலைப்பாடு. பத்து வருசத்துக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. ஆகவே அச்சு இல்லை, எழுத்தாணிதான்.

அந்தத் தடையை வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு வரியில் கடந்து விடுகிறோம். ஆனால் அதன் பாரம் விழுந்தது எங்கே என்று பார்த்தால், 'உதவி மிசனரி'களின் தலையில். முதல் குழுவில் வந்த வாரன் 1818இல் இறந்து விட்டார். ரிச்சர்ட்ஸ் 1822இல். டானியல் பூரின் மனைவி சூசன் 1821இல். புது ஆட்கள் வர வழியில்லை, வேலை மட்டும் வருசா வருசம் கூடுகிறது. அப்படியென்றால் யார் செய்வது?

இப்போது வீட்டுக்குள் வருவோம். ஹரியட்டுக்கும் காலையில் தமிழ்ப் பாடம் உண்டு, முன்சியிடம். ஆனால் அந்தப் பாடத்தை இருந்து படிக்க விட்டால்தானே. பிள்ளை அழும். வேலையாட்களுக்கு வேலை சொல்ல வேண்டும், அதுவும் பாதி தெரிந்த தமிழில். வீட்டு வளவுக்குள்ளேயே தங்கிப் படிக்கிற பெடியளின் சாப்பாடு, உடுப்பு, காய்ச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. மிசனில் மருத்துவம் படித்தவர் ஸ்கடர்தான், அவரும் இருப்பது பண்டத்தரிப்பில். யாருக்கும் ஏதும் என்றால் ஆள் அனுப்பி, அவர் வந்து சேரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் விறாந்தையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். வெள்ளைக்காரப் பொம்பிளை எப்படிச் சாப்பிடுகிறா, எப்படித் தைக்கிறா என்று பார்க்க.

மைரன் மாதிரி வெளியே போய்ச் சந்தியில் நின்று பேச ஹரியட்டால் முடியாது. அது இரண்டு சமூகத்திலும் நடக்காத காரியம். பெண்கள் கூட்டம் தேடி அவர் போவதைவிட, பெண்கள் அவரைத் தேடி வந்ததுதான் கூட. கணவருடைய பிரசங்கத்துக்கு ஒரு பெண்ணும் வரமாட்டாள். ஆனால் மனைவியின் விறாந்தைக்கு வருவார்கள். மிசனின் ஆண்கள் பல வருசம் சந்தியில் நின்று கத்தியும் அடையாத இடத்தை இந்த விறாந்தை அடைந்தது என்று நான் நினைக்கிறேன். இது என்னுடைய வாசிப்பு. மிசன் அறிக்கைகளில் கணக்கு வைக்கப்பட்டது பிரசங்கங்களுக்குத்தான்.

பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பது அப்போது எவ்வளவு கடினம் என்பதை மிசனரிமார் திரும்பத் திரும்ப எழுதினார்கள். வாசிக்கத் தெரிந்த பெண்ணே குடாநாட்டில் இல்லை என்ற அளவுக்குப் போகிறது அந்தப் பேச்சு. காசு திரட்டுவதற்காக எழுதப்பட்ட அறிக்கைகளில் இருள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அதை அப்படியே விழுங்கத் தேவையில்லை. ஆனால் அடிப்படை விசயம் பொய் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் பெடியளுக்கானது. எழுத வாசிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடுகிற தேவதாசி என்பதுதான் ஊர் நினைப்பு. 'நல்ல குடும்பத்து' அப்பா தன் மகளுக்கு ஏன் அந்தப் பெயரை வாங்கிக் கொடுக்கப்போகிறார்?

உடுவிலில் பரம்பரையாகச் சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு. சொல்கிற ஆளைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், முதுகெலும்பு ஒன்றுதான். பக்கத்து வீடுகளில் இருந்து இரண்டு சிறு பெட்டையள் ஹரியட் தைப்பதைப் பார்க்க வந்து போனார்கள். பிறகு தாங்களும் ஊசியும் நூலும் பிடிக்கத் தொடங்கினார்கள். பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மிசன் வீட்டில் பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டார்கள். ஒரு நாள் பெரிய மழை. வீட்டுக்குப் போக முடியவில்லை. இருட்டிவிட்டது, பசிக்கிறது, அழுகை. சோறு கொடுத்தால் தொடமாட்டோம் என்கிறார்கள். கடைசியில் பாணையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். காலையில் தேடி வந்த வீட்டார், பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுவிட்டார்கள் என்று அறிந்ததும் முதலில் கோபம். பிறகு, நடந்தது நடந்துவிட்டது, இனி இங்கேயே இருந்து படிக்கட்டும் என்று விட்டுப் போனார்களாம்.

இந்தக் கதையைப் பொதுவாக இனிப்பான கதையாகச் சொல்வார்கள். மழை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகள் ஒரு இரவு பசிக்குச் சாப்பிட்டதற்காக அவர்களுடைய வீடு அவர்களைப் பாதி கைகழுவி விடுகிறது. எந்தக் கையால் சமைத்த சோறு என்பதுதான் அங்கே கேள்வி. அதனால்தான் சமைத்த சோற்றைத் தொடாமல் பாணும் பழமும். மிசனின் ஆரம்ப விடுதிகள் எல்லாவற்றிலும் இந்தச் சண்டை இருந்தது. வேளாளப் பெடியள் மிசன் வளவுக்குள் சாப்பிட மறுத்ததால், வெளியே ஒரு காணியில் சமையல் கொட்டில் போட்டுக் கொடுத்த சம்பவமும் உண்டு. சாதி ஒரு பாவம் என்று பிரசங்கம் செய்தவர்கள்தான் அந்தக் கொட்டிலுக்கும் காசு கொடுத்தார்கள். விட்டுக்கொடுக்காவிட்டால் பிள்ளை வராது, பிள்ளை வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. இந்த விட்டுக்கொடுப்பு பிறகு எவ்வளவு தூரம் போனது என்று பார்க்க வேண்டுமானால், நூறு வருசம் கழித்தும், 1920களின் கடைசியில்கூட, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் சமமாக இருக்கலாமா என்று அடிபட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1824இல் பெண்களுக்கான விடுதிப் பள்ளிக்கூடம் முறையாகத் தொடங்கியது. இருபதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள். பொறுப்பு ஹரியட். ஆசியாவிலேயே பெண்களுக்கான முதல் விடுதிப் பாடசாலை என்று அதைச் சொல்வார்கள். அந்த 'முதல்' போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பள்ளிக்கூடம் இயங்கிய விதம்.

பிள்ளையை விடுதியில் விட்டால் படிப்பு முடியும் வரை திருப்பிக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று பெற்றோர் உடன்பட வேண்டும். சாப்பாடு, உடுப்பு, இருப்பிடம் மிசன் செலவு. அந்தச் செலவு அமெரிக்காவில் இருந்து வந்தது. அங்கே ஒரு ஊரில் உள்ள பெண்கள் சங்கமோ ஒரு தனி ஆளோ வருசத்துக்கு இவ்வளவு என்று அனுப்பினால், இங்கே ஒரு பிள்ளை அவர்கள் கணக்கில். அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற உரிமை அனுப்பியவர்களுக்கு. தங்கள் போதகரின் பெயர், இறந்துபோன மகளின் பெயர், எதையும் வைக்கலாம். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த ஆண்களிடம் இதன் தடயம் இன்னும் இருக்கிறது. கரல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. இவர்களுக்குப் பின்பாதியாவது மிஞ்சியது. ஏனென்றால் அவர்கள் புத்தகம் எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், தங்கள் பெயரைத் தாங்களே அட்டையில் போட்டார்கள். உடுவில் பெண்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஒரு பிள்ளை அம்மா கூப்பிட்ட பெயரோடு உள்ளே போய், கடல் கடந்து யாரோ ஒருவர் வைத்த பெயரோடு அறிக்கையில் ஏறி, கலியாணத்தோடு புருசனின் பெயருக்குள் போய்விடுவாள்.

கலியாணம் என்றதும் இன்னொன்று. இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த நோக்கங்களில் ஒன்று வெளிப்படையானது: செமினரியில் படித்துக் கிறிஸ்தவரான பெடியளுக்குக் கிறிஸ்தவப் பெண் வேண்டும். இல்லாவிட்டால் மாமன் மகளைக் கட்டித் திரும்பச் சைவத்துக்குப் போய்விடுவார்கள். சரி, மிசன் பெண்ணைத் தயார்செய்து விட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் யார் கட்டுவது? மிசன் என்ன செய்தது தெரியுமா? படிப்பை முடித்து, மிசன் சம்மதத்தோடு கலியாணம் கட்டுகிற பெண்ணுக்குத் தானே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. பொஸ்டனில் காணிக்கைத் தட்டில் விழுந்த சதங்கள் உடுவிலில் சீதனமாக மாறின. 1855இல் தலைமையகத்தில் இருந்து ரூபஸ் அண்டர்சன் வந்து மிசனை முழுதாக மாற்றியமைத்த காலம் வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. ஊரை மாற்ற வந்தவர்கள் ஊருடைய கணக்குப்படிதான் நடக்க வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்தது வெறும் மனைவிப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. தமிழ் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாத்திரம், தையல், வேதபாடம். வாசிக்கத் தெரிந்துவிட்டால் பிறகு எதை வாசிப்பாள் என்பது ஒருவர் கையிலும் இல்லை. அந்தப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், கிராமப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியைகளானார்கள். சில பெண்கள் மதம் மாறினார்கள். மாறாதவர்களும் இருந்தார்கள். ஹரியட்டின் கடிதங்களைப் பார்த்தால் அவருக்கு முக்கியம் முதலாவது கூட்டம்தான், அவர் வந்ததே அதற்காக. எங்கட கோயில்களைப் பற்றியும் திருவிழாக்களைப் பற்றியும் அவர் எழுதுவதை இன்றைக்கு ஒரு சைவப் பிள்ளை வாசித்தால் முகம் சுளிக்கும். நான் சுளித்தேன். அதே ஆள்தான் இரண்டு பக்கம் தள்ளி, காய்ச்சலில் கிடக்கிற விடுதிப் பிள்ளையின் பக்கத்தில் இராமுழுதும் முழித்திருக்கிற தாய். இரண்டையும் ஒரே ஆளாக வைத்துப் பார்க்கப் பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஹரியட்டின் சொந்தப் பிள்ளைகள் விசயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தின் ஆழமான காயம் அங்கேதான் இருக்கிறது. மூத்த மகன் சார்ள்ஸ் 1821 ஜனவரியில் இங்கே பிறந்தவன். அவனுடைய முதல் பாசை தமிழாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்காரரோடும் விடுதிப் பெடியளோடும் வளர்ந்த பிள்ளை வேறு என்ன பேசும்? ஆனால் மிசனரிமாருக்கு அதுதான் பயம். தங்கள் பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகளாக வளர்ந்துவிடக்கூடாது. ஊர்ப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து விடுதியில் வளர்த்தவர்கள், தங்கள் பிள்ளைகளைத் தங்களிடம் இருந்து பிரித்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். சார்ள்ஸையும் அப்படி அனுப்பினார்கள். 1832 மே மாதம், பதினொரு வயதில், நியூயோர்க்கில் அவன் இறந்துபோனான்.

அந்தக் காலத்தில் ஒரு கடிதம் அமெரிக்காவில் இருந்து இங்கே வர மாதக்கணக்கு எடுக்கும். இறந்துபோன மகன் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தாய் உடுவிலில் மற்றவர்களின் மகள்மாருக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களை என்னால் கடந்து போக முடியவில்லை. 

1833 ஜனவரி 14ஆம் திகதி ஹரியட் இறந்தார். மகன் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. உடுவிலில் அடக்கம் செய்தார்கள்.

மைரன் மிச்சப் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குப் போனார். 1835இல் மனைவியின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் தொகுத்து வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். சார்ள்ஸைப் பற்றியும் ஒரு சின்னப் புத்தகம் வந்தது, அமெரிக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதற்கு. மிசனரி உலகத்தில் ஒரு சாவும் வீணாகப் போகாது, புத்தகமாகும், புத்தகம் காசாகும், காசு பள்ளிக்கூடமாகும். நான் நக்கலாகச் சொல்லவில்லை. அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஹரியட்டின் குரலை நாங்கள் கேட்பது கணவர் தெரிந்தெடுத்த பக்கங்கள் வழியாக என்பதை மறக்கக்கூடாது. களைப்பு, கோபம், இங்கே ஏன் வந்தேன் என்ற நினைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜெபத்தில் போய் முடிகிறது. உண்மையில் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடிந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

 ஹரியட்டின் மூன்று தங்கைமார் 1830களில் மிசனரிமாரின் மனைவிகளாக யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அவர்களில் இருவர் அந்தப் பத்தாண்டு முடியமுன் இறந்தார்கள். ஒரே வீட்டில் இருந்து நான்கு பெண்கள், மூன்று பேர் இளவயதிலேயே போய்விட்டார்கள். நோர்விச்சில் இருந்த அந்தப் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ரெலிபோன் மணிக்குக் காத்திருந்து பழகிய ஊர்க்காரர் நாங்கள், எங்களுக்கு இது விளங்கும்.

மைரன் 1836இல் சென்னைக்கு மாறிப் போய் அங்கே மிசன் தொடங்கினார். மேலும் நான்கு தடவை மணம் முடித்தார். நல்லூரில் இருந்த ஜோசப் நைற் என்ற ஆங்கிலேய மிசனரி சேகரித்து வைத்துவிட்டு இறந்துபோன சொற்கோவைதான் அவருடைய அகராதிக்கு அடித்தளம். யாழ்ப்பாணத்து விசுவநாதபிள்ளை, சென்னையில் இராமாநுச கவிராயர் போன்றவர்களின் தமிழறிவும் உழைப்பும் அதற்குள் இருக்கின்றன. அட்டையில் வின்ஸ்லோ. அகராதி வெளிவந்து இரண்டு வருசத்தில், 1864இல், ஊர் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறந்துபோனார்.

உடுவில் பள்ளிக்கூடத்தை ஸ்போல்டிங் தம்பதி எடுத்தார்கள். அதே 'இண்டஸ்' கப்பலில் வந்த மேரி ஸ்போல்டிங் கடைசிவரை இங்கேயே இருந்தார். 1840இல் எலைசா அக்னியூ வந்தார், கலியாணம் ஆகாத பெண், கணவர் என்ற கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர். நாற்பது வருசத்துக்குக் கிட்டப் பள்ளிக்கூடத்தை நடத்தினார். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரி கட்டினார். எங்கே? உடுவிலில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், மருதனார்மடத்தில். எங்கட பெட்டையளை மிசன் கூட்டிக்கொண்டு போகிறது என்ற பயம் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் அந்த இடத்தில் அவ்வளவு பெரிதாக எழும்பியிருக்காது. மகள் படித்தால் தேவதாசி என்று சொன்ன ஊர், மகள் எங்கே படிப்பது என்று போட்டி போடுகிற ஊராக மாற ஏறத்தாழத் தொண்ணூறு வருசம் எடுத்திருக்கிறது.

கடைசியாக ஒரு துணுக்கு, கேட்டால் நம்ப மாட்டீர்கள். 1829இல் உடுவிலில் பிறந்த மகளுக்கும் ஹரியட் என்றுதான் பெயர். அவளும் அமெரிக்காவுக்குப் போய், வளர்ந்து, ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற மிசனரியைக் கட்டி, சென்னைக்கு வந்து வேலை செய்தாள். அவளுடைய பேரன்மார் இருவர். ஒருவர் ஐசன்ஹவர் காலத்து அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ஜோன் பொஸ்டர் டலஸ். மற்றவர் சீஐஏயின் தலைவராக இருந்த அலன் டலஸ். பனிப்போர்க் காலத்தில் பாதி உலகத்தின் அரசாங்கங்களை ஆட்டிப்படைத்த அந்த இரண்டு சகோதரர்களின் அப்பம்மா உடுவிலில், ஒரு பழைய கோயிலுக்குப் பக்கத்து வீட்டில், தமிழ் கேட்டு வளரத் தொடங்கிய பிள்ளை.

ஹரியட்டின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம் இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழசு, பக்தி கொஞ்சம் கூட. உடுவில் பகுதியில் இருந்து தொடங்குங்கள். விறாந்தைக்கு யார் யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டு போங்கள்.